எமது மலைக்கும் ஒரு பனிக்காலம் உண்டு

நான் தரம் 10 இல் படித்த வருடம். மூன்றாம் தவணை முடிய இரண்டு கிழமைகள் இருந்தபோது, சித்திர ஆசிரியை கரும்பலகையில் "பனிக்காலக் காட்சி" என்று எழுதி எங்களுக்கு இரண்டு பாடவேளை தந்தார். வகுப்பில் நாங்கள் 32 பேர். முடிந்த தாள்களைச் சுவரில் ஒட்டியபோது ஏறத்தாழ எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. புகைபோக்கி வைத்த வீடு, முக்கோண வடிவில் பைன் மரங்கள், கூரையிலும் தரையிலும் வெள்ளை. நானும் அப்படித்தான் வரைந்திருந்தேன். ஒரு பனி மனிதனையும் நிறுத்தியிருந்தேன். முகம் வரைந்தால் உம்மா ஏசுவா என்று பயந்து அவனுக்குக் கண்ணும் மூக்கும் வைக்காமல், தொப்பியை மட்டும் போட்டு விட்டேன். அதற்கு 82 புள்ளிகள் கிடைத்தன.

என் பக்கத்து வாங்கில் இருந்தவளின் தாள் மட்டும் வேறாக இருந்தது. அவள் எட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஓர் இறப்பர் தோட்டத்தில் இருந்து வருபவள். அவள் வரைந்த மலையில் வெள்ளையே இல்லை. மலை முழுவதும் செம்மஞ்சளும் பழுப்பும். கீழே பள்ளத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. "மலை பத்துதா?" என்று பின்னால் இருந்து யாரோ கேட்க, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் கோபப்படவில்லை. "இது எங்க மலை. தை மாசம் வந்து பாரு" என்றாள்.

இன்று நான் தரம் 13 இல், தமிழ், இஸ்லாமிய நாகரிகம், சித்திரம் ஆகிய மூன்று பாடங்களைக் கற்கிறேன். அந்த 32 தாள்களிலும் தலைப்பைச் சரியாகப் புரிந்து வரைந்தவள் அவள் ஒருத்திதான் என்பதே என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை என் வயதுத் தோழிகளுக்கும், எங்களைப் பெற்றவர்களுக்கும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். "பனி" என்றவுடன் இன்று எமக்கு நினைவு வருவது படங்களிலும் கலண்டர்களிலும் கண்ட வெண்பனி. ஆனால் தமிழில் பனி என்பது முதலில் புல்லில் நிற்கும் துளி, விடியற்காலைக் குளிர், மலையை மறைக்கும் மூடுபனி. எம் முன்னோர் ஒரு வருடத்தைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பருவங்களாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. இதைத் தமிழ்ப் பாடத்தில் மனனம் செய்கிறோம், பரீட்சையில் எழுதுகிறோம். அடுத்த பாடவேளையில் சித்திரக் கொப்பியைத் திறந்ததும் மறந்துவிடுகிறோம். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் வாழும் நாங்கள் குறிஞ்சியில்தான் வாழ்கிறோம் என்று எமக்குத் தோன்றுவதே இல்லை.

சப்ரகமுவையில் பருவம் எப்படி மாறுகிறது? ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலையில் வெயில் எறிக்கும். பின்னேரம் இடியோடு மழை கொட்டும். களனி கங்கை செம்மண் நிறத்தில் ஓடும். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால், அதன் பெருமழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்கிறது. எமது பக்கம் மெல்ல மெல்லக் காய்கிறது. ஆறு தெளிகிறது. காலையில் போர்வையை விட்டு எழும்ப மனம் வராது. பள்ளத்தாக்கில் தேங்கிய மூடுபனி எட்டு மணி வரைக்கும் கலையாது. அதே மாதப் போயாவோடுதான் பாவா ஆதம் மலைப் பருவமும் தொடங்குகிறது. வானம் தெளிந்த விடியலில் இரத்தினபுரிப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்த 2243 மீற்றர் உயர மலை கூர்மையாகத் தெரியும். மழை மாதங்களில் பல நாள் அது கண்ணில் படுவதே இல்லை.

இவற்றோடு இலையுதிர்வும் உண்டு. என் தோழி வரைந்தது அதைத்தான்.

அடுத்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நானாவின் முச்சக்கர வண்டியில் அவள் வீட்டுக்குப் போனேன். மலையடியில் இறங்கிய உடனேயே அவளைப் பார்த்துச் சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. இறப்பர்த் தோட்டம் என்றால் உள்ளே இருட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் போகும்போது அப்படித்தான் கண்டிருக்கிறேன். அன்று உள்ளே வெளிச்சம் விழுந்திருந்தது. பாதி மரங்களில் இலையே இல்லை. மீதி மரங்களில் இலைகள் மஞ்சளும் செம்மஞ்சளும் செங்கல் நிறமுமாக நின்றன. ஒரு காம்புக்கு மூன்று இலைகளாக அவை ஒவ்வொன்றாகச் சுழன்று விழுந்தன. நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குவதுபோலச் சத்தம். சில மரங்களில் புதுத் தளிர் வந்திருந்தது. அது பச்சையாக இல்லை. செம்புப் பாத்திரத்தைத் துலக்கிய நிறத்தில், வாடியதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

தோட்டத்து உத்தியோகத்தர்கள் இதை "வின்டரிங்" என்று ஆங்கிலத்தில் சொல்வார்களாம். மரத்தின் பனிக்காலம்! வெண்பனி விழாத நாட்டில் ஒரு மரத்துக்கு அந்தப் பெயரில் ஒரு பருவம் இருக்கிறது. அந்த மரத்தின் கதையும் ஆச்சரியமானதுதான். பிரேசிலில் சேகரித்த விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, அந்தக் கன்றுகளை 1876 இல் இலங்கைக்கு அனுப்பினார்கள். அவை கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர் எமது மலைகளில் பரவின. 1344 இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறிய இப்னு பதூதா, அங்கே இலை உதிராத மரங்கள் நிறைய இருந்ததாகவும், மேலே நின்றபோது மேகங்கள் தமக்குக் கீழே கிடந்து மலையடியை மறைத்ததாகவும் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். அவர் கண்டது என்றும் பசுமையான மலையை. நாங்கள் காண்பது வருடத்தில் சில கிழமைகள் சிவக்கும் மலையை. இரண்டுமே சப்ரகமுவைதான். அவர் தன் கண்ணால் பார்த்ததை எழுதி வைத்ததால் எமக்கு அது தெரிகிறது. எமது காலத்து மலையை யார் பதிந்து வைப்பது?

அன்று நான் கொண்டுபோன நீர்வர்ணப் பெட்டியைத் திறந்து லயத்து வாசலில் இருந்து வரையத் தொடங்கினேன். பெட்டியில் இருந்த செம்மஞ்சளை அப்படியே எடுத்து வைத்தேன். உண்மையிலேயே மலை பற்றி எரிவதுபோல ஆகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் நீலம் சேரு" என்றாள். ஒரு துளி நீலம் சேர்த்ததும் நிறம் அடங்கி, காய்ந்த இலையாக மாறியது. தூரத்து மலையைத் தாள் ஈரமாக இருக்கும்போதே வைக்க வேண்டும், அப்போதுதான் மூடுபனிக்குள் கரையும் என்பதையும் அவளிடம்தான் கற்றேன். அவளுக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தினமும் காலையில் பாடசாலைக்கு நடந்து வரும்போது பார்த்த மலை கற்றுக்கொடுத்தது.

படத்தை முடித்து, "எவ்வளவு வடிவு!" என்றேன். உள்ளே அடுப்படியில் இருந்த அவளுடைய அம்மா வெளியே வந்து பார்த்தார். அவர் பால் வெட்டும் தொழிலாளி. "வடிவுதாம்மா. ஆனா இலை கொட்டுனா எங்களுக்குப் பாலும் கொறையும், பேரும் கொறையும். சில நாள் புல்லு வெட்டக் குடுப்பாங்க. சில நாள் அதுவும் இல்ல" என்றார். ஒரு நாள் வேலைக்குப் பதியும் சம்பளத்தைத்தான் தோட்டத்தில் "பேர்" என்கிறார்கள். மழை மாதங்களில் மரத்தின் தண்டு நனைந்தால் வெட்ட முடியாது. அது முடிந்து வெயில் வந்தால் இலை உதிர்கிறது. தளிர் முற்றும்வரை பால் குறைவு. நான் நிறம் என்று பார்த்ததை அவர் வருமானம் என்று பார்த்தார்.

பிறகு என் தோழி என் தாளைக் காட்டி, "ஒண்ண விட்டுட்டே" என்றாள். நான் மரங்களை வரைந்திருந்தேன். மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளை வரையவில்லை. பால் சேர்க்கும் அந்தச் சிரட்டைகள் வேலை இல்லாததால் எல்லா மரங்களிலும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வரிசை வரிசையாக, மலை ஏறும் வரைக்கும் கவிழ்ந்த சிரட்டைகள். மண்ணிறத்தில் சின்னச் சின்ன அரைவட்டங்களாக அவற்றை ஒவ்வொரு மரத்திலும் வைத்தேன். படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. ஆனால் அதன் பிறகு அந்தப் படத்தைப் பார்த்தால் அவளுடைய அம்மாவின் நினைவு வராமல் போவதில்லை.

இந்த இடத்தில் எமது வீடுகளில் எழும் ஒரு கேள்வியையும் தொட வேண்டும். "முஸ்லிம் பிள்ளைக்குச் சித்திரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி மார்க்க அறிஞர்கள் சொல்வதை நான் இங்கே விவாதிக்க வரவில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் இயற்கைக் காட்சியை வரைவதற்கு எமது மரபில் இடம் இருக்கிறது. உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து கேட்டபோது, செய்துதான் ஆகவேண்டும் என்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யுமாறு அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. கலீபா அல்வலீதின் காலத்தில், 705 முதல் 715 வரையான ஆண்டுகளில் எழுந்த திமிஷ்க் பெரிய பள்ளிவாசலின் சுவர்களில் பச்சையும் பொன்னுமாகப் பதித்த சிறு கற்களால் ஆறும் மரங்களும் வீடுகளும் பாலங்களும் ஆக்கப்பட்டுள்ளன. அங்கே ஒரு மனிதரோ மிருகமோ இல்லை. ஆனாலும் அந்த வீடுகளில் யாரோ வாழ்கிறார்கள், அந்தப் பாலத்தில் யாரோ நடந்துபோனார்கள் என்று எமக்குத் தோன்றுகிறது. இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் அந்தப் படத்தைக் கண்டபோது எனக்கு உடனே கவிழ்ந்த சிரட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. உருவம் வரையாமலே மனிதரைப் பற்றிச் சொல்ல முடியும். அதற்கு முதலில் அந்த மனிதரின் இடத்தை உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்துப் பழகியவர்களைச் சித்திரப் பாடத்திலும் காண்கிறோம். பிரான்ஸில் குளோட் மொனே, தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் இருந்த வைக்கோற் போர்களை 1890 இன் கோடை முடிவில் வரையத் தொடங்கி, பனிக்காலம் வந்த பிறகும் விடாமல் வரைந்தார். ஏறத்தாழ 25 ஓவியங்கள். பொருள் அதேதான். மாறியது வெளிச்சமும் பருவமும். அவர் தூர தேசத்துக் காட்சியைத் தேடிப் போகவில்லை. எமது நாட்டின் 43 குழுவைச் சேர்ந்த ஐவன் பீரிஸ் 1953 இல் இங்கிலாந்துக்குச் சென்று, 1988 இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். அங்கே வாழ்ந்துகொண்டு அவர் திரும்பத் திரும்ப வரைந்தது தான் பிறந்து வளர்ந்த தெஹிவளைப் பக்கத்துக் கடற்கரையை. வெண்பனி விழும் நாட்டில் இருந்தவர் எமது கரையை வரைந்தார். எமது மலையில் இருக்கும் நாங்கள் அவர் ஜன்னலுக்கு வெளியே விழுந்த வெண்பனியை வரைகிறோம்.

வெண்பனியை வரைவது பிழை என்று நான் சொல்லவில்லை. காணாத ஒன்றைக் கற்பனை செய்யவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. எனக்குக் கவலை தருவது வேறு. கண்முன்னே இருப்பதைப் பார்க்காமல் இருப்பதற்கு அந்த வெள்ளை எமக்கு வசதியாகப் போய்விட்டது. பார்த்து வரைந்தால் இலையின் நிறம் கேட்கும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும், லயத்தை எங்கே வைப்பது என்று கேட்கும். கலண்டர் படம் எதையும் கேட்காது. புள்ளியையும் தரும்.

உயர்தரத்துக்குச் சித்திரத்தைத் தெரிவு செய்தபோது வாப்பா என்னிடம், "சித்திரம் படிச்சி என்னத்த செய்யப் போற மகள்?" என்று கேட்டார். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். வாப்பா, நான் ஓவியராக வருவேனா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் ஓர் இடத்தைப் பார்க்கப் பழகியிருக்கிறேன். இந்த மாவட்டத்தில் அது சிறிய காரியம் இல்லை. 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களையே மூடியதை நாங்கள் மறக்கவில்லை. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கவனியுங்கள் என்று மழை காலத்தில் அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு சித்திரம் மண்சரிவைத் தடுக்காது. ஆனால் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையை மாதத்துக்கு ஒரு தடவை வரையும் பிள்ளைக்கு, போன மாதம் நேராக நின்ற மரம் இந்த மாதம் சாய்ந்திருப்பது தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் சிரட்டைகள் கவிழ்ந்திருப்பதும் தெரியும்.

ஆகவே பெற்றோரிடம் எனக்கு ஒரு சிறு வேண்டுகோள் உண்டு. எங்கள் சனி, ஞாயிறு காலைகள் எல்லாம் டியூஷனுக்குப் போய்விட்டன. மூடுபனி கலையும் முன்னரே பஸ் ஏறி, மலை வெயிலில் வெளுத்த பிறகு வீடு திரும்புகிறோம். ஒக்டோபரில் இருந்து மார்ச் வரை மாதத்தில் ஒரே ஒரு காலையை எமக்குத் தாருங்கள். வாசலில் இருந்தே வரையலாம். வெளியே அனுப்பப் பயப்படத் தேவையில்லை. ஒரே இடத்தில் இருந்து ஒரே மலையை ஆறு தடவை வரையட்டும். ஆறு தாள்களையும் வரிசையாக ஒட்டிப் பாருங்கள். உங்கள் மகள் எதைப் பார்த்து வளர்கிறாள் என்று உங்களுக்கும் தெரியவரும். ஆசிரியைமாரிடமும் ஒன்றைக் கேட்கலாமா? அடுத்த முறை "பனிக்காலக் காட்சி" என்று தலைப்புத் தரும்போது, அதோடு "எமது ஊரில்" என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துவிடுங்கள்.

என் தோழி சாதாரண தரத்தோடு பாடசாலையை விட்டு நின்றுவிட்டாள். இப்போது நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். போன மாதம் உம்மாவுக்குச் சால்வை எடுக்கப் போனபோது கண்டேன். இப்போதும் வரைகிறாயா என்று கேட்டேன். நேரம் இல்லை என்றாள். விடியமுன் பஸ் ஏறினால் இருட்டியபிறகுதான் மலைக்குத் திரும்புகிறாளாம். பிறகு சால்வையை மடித்துக்கொண்டே, "இந்த வருஷம் எலை நேரத்தோடயே பழுக்குது. நீ வந்து வரைஞ்சுட்டுப் போ" என்றாள்.

இன்ஷா அல்லாஹ், தவணை விடுமுறை தொடங்கியதும் போகப் போகிறேன். இந்த முறை இரண்டு தாள் கொண்டுபோவேன். அவளுக்கு லீவு கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் போவேன்.